பூட்டிய வாயிலும் பொய்யான அமைதியும்

"மறு அறிவிப்பு வரும்வரை கல்லூரிக்கு விடுமுறை." தமிழகத்தின் கல்லூரி வளாகங்களில் சாதியின் பெயரால் குருதி சிந்தப்படும்போதெல்லாம் முதலில் எழுதப்படும் வாக்கியம் இதுவே. விடுதிகள் ஒரே இரவில் காலிசெய்யப்படும். வாயிலில் பூட்டுத் தொங்கும். வருவாய்க் கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சு நடைபெறும். இரு தரப்பினரும் கைகுலுக்கி நிற்கும் படம் மறுநாள் நாளேட்டில் வெளிவரும். சில நாள் கழித்து வாயில் திறக்கப்படும். மாணவர்கள் திரும்பி வருவார்கள். நடந்தது என்ன, அதைச் செய்தவர் யார், ஏன் செய்தார், அடிபட்டவன் இப்போது எங்கே இருக்கிறான் என்னும் வினாக்கள் மட்டும் அந்த விடுமுறையிலிருந்து திரும்புவதே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் அமைதி என்று பெயர் சூட்டியிருக்கிறோம். மக்களின் காயத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டு, அமைதி இல்லாத இடத்தில் அமைதி நிலவுவதாக அறிவித்தவர்களை இறைவாக்கினர் எரேமியா எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை விவிலியம் படிப்போர் அறிவர். அவருடைய சீற்றம் நம்முடைய கல்லூரி நிர்வாகங்களுக்கும் உரியது. கத்தோலிக்கர் நடத்தும் கல்லூரிகளும் அதற்கு விலக்கல்ல. வளாகங்களில் வெறுப்பு வளர்வதற்கு மாணவர்களின் முரட்டுத்தனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நடந்ததை நடந்தபடி பெயரிட்டுச் சொல்ல மறுக்கும் பெரியவர்களின் கோழைத்தனம். இக்கட்டுரை வாதிட விரும்புவது இதையே.

மோதல் என்னும் சொல்

"மாணவர் மோதல்" என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். மோதல் என்னும் சொல் இரண்டு சமமான தரப்புகளை நம் கண்முன் நிறுத்துகிறது. இரண்டு காளைகள் மோதுகின்றன. இரண்டு பேருந்துகள் மோதுகின்றன. ஆனால் ஒருவன் செய்த செயலுக்காக அன்றி, அவன் பிறந்த குடிக்காகவே தாக்கப்படும்போது அதை மோதல் என்பது பொய். அது வெறுப்புக் குற்றம். அடி விழுவது ஓர் உடல்மீது. செய்தியோ அவனைப் போன்று பிறந்த அனைவருக்கும் அனுப்பப்படுகிறது: "உன் இடம் எது என்பதை மறவாதே." அடிபட்டவனின் காயம் ஆறிய பிறகும் அந்தச் செய்தி வகுப்பறையிலேயே தங்கிவிடுகிறது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு நாங்குநேரியில் நடந்தது இத்தகையது. பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு பயின்ற மாணவர்கள், அவர்களும் சிறுவர்களே. பள்ளியில் தாம் துன்புறுத்தப்பட்டதை அம்மாணவர் ஆசிரியர்களிடம் முறையிட்டிருந்தார். அந்த முறையீடே பகையை மூட்டிற்று என்று அப்போதைய செய்திகள் கூறின. இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அவர் அஞ்சி ஒளியவில்லை. பதிலுக்கு ஆள் திரட்டவுமில்லை. நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது போலவே பெரியவர்களிடம் சென்று சொன்னார். புகாரைக் கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்; புகார் அளித்தவரைக் காக்கும் முறை மட்டும் இல்லை.

இதை அடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிதல், பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நிலைத்திருத்தல், ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையான சாதியினரையே அங்குள்ள பள்ளிகளின் பொறுப்பில் அமர்த்துதல் ஆகியவற்றையெல்லாம் அது சுட்டிக்காட்டியது. பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பொருந்தும் தனிச்சட்டம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றிப் பேசுவதா என்று நகைத்தவர்கள் உண்டு. அவர்கள் 2019ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டில் வண்ணக் கயிறுகளைத் தடுக்கப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழுந்த சில நாள்களிலேயே, பழைய நிலையே தொடரும் என்று துறை அமைச்சர் அறிவித்துவிட்டார். வெறும் நூல் என்றால் அதைக் காக்க ஏன் இத்தனை வேகம்? கயிறு கட்டியவர்களுக்கும் அதன் பொருள் தெரியும், கட்டாதவர்களுக்கும் தெரியும். இந்தக் கயிறு கட்டிய கைகளே அடுத்த ஆண்டு கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பம் இடுகின்றன.

யார் பக்கம் நிற்பது?

2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில், நிலத்தில் வீழ்ந்து கிடந்த மாணவரைச் சக மாணவர்கள் கட்டைகளாலும் கம்பிகளாலும் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அன்று அடிபட்டவர்கள் ஆதிக்கச் சாதியினராகக் கருதப்பட்டவர்கள். அடித்தவர்களில் பலர் தலித் மாணவர்கள். முன்பே கசந்திருந்த உறவு, முத்துராமலிங்கத் தேவர் பிறந்தநாளை ஒட்டி வெளியான சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடப்பட்டதால் முற்றியது என்று அக்காலத்தில் விரிவாகப் பேசப்பட்டது.

இங்கே எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்போர் உண்டு. அடிபட்டுக் கிடப்பவனின் பக்கம் என்பதே முதல் விடை. அவன் சாதியை விசாரித்த பின்பே இரங்குவேன் என்பவன் நல்ல சமாரியர் உவமையைப் படிக்காதவன். அடித்த கைக்குத் தண்டனை உண்டு; முன்பு இழைக்கப்பட்ட அவமதிப்பு அத்தண்டனையைத் தள்ளுபடி செய்யாது. ஆயினும் இரண்டாவது விடையும் உண்டு. தொலைக்காட்சி காட்டியது கடைசி மணி நேரத்தை மட்டுமே. சுவரொட்டி அச்சான நாள் முதல் கம்பி எடுத்த நாள் வரை அக்கல்லூரியில் பொறுப்பிலிருந்தவர்கள் எவரும், "இது வெறுப்பு, இதை இன்றே நிறுத்துவோம்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கடைசி மணி நேரம் வந்திராது.

அன்று வாயிலுக்கு வெளியே காவலர்கள் நின்றிருந்தார்கள். முதல்வரின் அழைப்பின்றி உள்ளே நுழைய இயலாது என்பது சொல்லப்பட்ட காரணம். எரிகோ சாலையில் விலகிச் சென்ற குருவுக்கும் லேவியருக்கும்கூட விதிகள் இருந்திருக்கும். இறுதியில் நடந்தது என்ன? விசாரணை ஆணையம் அமைந்தது. சிலர் இடைநீக்கம் பெற்றனர். 2018இல் கல்லூரியே உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய பழைய கட்டடத்தை விட்டுப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பெயர்ந்தது. கட்டடத்தைப் பெயர்க்கலாம். வெறுப்போ மாணவரோடு அதே பேருந்தில் ஏறி வந்துவிடும்.

சாக்குகள்

நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

"இளரத்தம், தானே ஆறிவிடும்" என்பது முதற்சாக்கு. ராகிங் என்னும் பகடிவதையைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். மூத்தவர்களின் விளையாட்டு என்றார்கள். கூச்சம் போகும் என்றார்கள். 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்ட பிறகே தமிழகம் விழித்தது. 1997இல் அதைத் தடுக்கத் தனிச்சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தடுக்கத் தவறிய நிறுவனமும் தண்டனைக்கு உள்ளாகும். இன்று ராகிங்கை விளையாட்டு என்று ஒரு முதல்வரும் மேடையேறிப் பேசமாட்டார். சட்டத்தால் மனம் மாறாது என்பவர்களுக்கு இதுவே விடை. சட்டம் மனத்தை மாற்றாமல் இருக்கலாம்; எதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்பதை அது கற்பித்துவிடுகிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2016இல் அவ்விதிகள் திருத்தப்பட்டு, சாதி, மதம், நிறம், மொழி, வட்டாரம் ஆகியவற்றின் பெயரால் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ வதைப்பதும் ராகிங் என்னும் குற்றத்துள் சேர்க்கப்பட்டது. உறுதிமொழிப் பத்திரத்தில் ஆண்டுதோறும் கையொப்பமிடும் நம் பெற்றோரில் எத்தனை பேருக்குக் கல்லூரிகள் இதை எடுத்துச் சொல்லியிருக்கின்றன?

"சாதியைப் பெயரிட்டுப் பேசினால் அது வளரும்" என்பது இரண்டாம் சாக்கு. விடுதியில் எந்த மாணவனின் சாதியும் முதல் வாரத்துக்குமேல் இரகசியமாக இருப்பதில்லை. ஊரின் பெயரைக் கேட்டு, தெருவின் பெயரைக் கேட்டு, உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்து எல்லாரும் அறிந்துகொள்கிறார்கள். அறியாததுபோல் இருப்பது நிர்வாகத்தின் கோப்பு ஒன்றே. தில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய 2006இல் அமைக்கப்பட்ட பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு, தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் மற்றவர்களிடமிருந்து ஒதுக்கப்பட்டுத் தனித்தளங்களுக்குத் தள்ளப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டியது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் உருவாகும் இடத்தில் இது யார் கண்ணுக்கும் படாமல் இருந்திருக்குமா? பட்டிருக்கும். பெயரிடப்படவில்லை, அவ்வளவே.

"இது வெளியிலிருந்து வரும் நோய், கல்லூரி என்ன செய்யும்?" என்பது மூன்றாம் சாக்கு. இதில் பாதி உண்மை. ஊர்த் திருவிழாவிலும், திருமண வீட்டின் பதாகையிலும், சாதிச் சங்கத்தின் மேடையிலும், கைப்பேசிக் குழுக்களிலும் ஊட்டப்படும் நஞ்சு அது. எனினும் பதினெட்டு வயது முதல் இருபத்தொரு வயது வரை ஓர் இளைஞன் யாருடைய பக்கத்துக் கட்டிலில் உறங்குகிறான், யாருடன் சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் நிற்கிறான், யார் தலைமையில் கால்பந்து ஆடுகிறான் என்பதை முடிவு செய்வது கல்லூரியே. ஊர் பிரித்து வைத்தவர்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து வைக்கும் வாய்ப்பு அவன் வாழ்வில் ஒருமுறைதான் வருகிறது. அதை வீணடித்துவிட்டு ஊரைக் குறை கூறுவது நேர்மையன்று.

"சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள்" என்பது நான்காம் சாக்கு. பொய்ப் புகார் எழவே எழாது என்று நான் வாதிடவில்லை. பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவனைக் காப்பதும் முறையான விசாரணையே. விசாரணையே வேண்டாம் என்பவர் அவனையும் வதந்தியின் கையில் விட்டுவிடுகிறார்.

மன்னிப்பின் விலை

ஐந்தாம் சாக்கு நமக்கே உரியது. "நாம் கிறிஸ்தவ நிறுவனம், மன்னிப்பதே நம் வழி." கேட்க இனிமையான இச்சொல் எத்தனை அநீதிகளுக்குப் போர்வையாகிறது!

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி மறைக்கல்வியில் நாம் கற்றது என்ன? பாவத்துக்காக மனம் வருந்த வேண்டும். அதை வாய்திறந்து அறிக்கையிட வேண்டும். பரிகாரம் செய்ய வேண்டும். அறிக்கையிடாதவனுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் எந்தக் குருவுக்கும் இல்லை. ஆனால் அமைதிக் கூட்டங்களில் நடப்பது என்ன? எவரும் வருந்துவதில்லை; எவரும் அறிக்கையிடுவதில்லை; பரிகாரம் என்னும் பேச்சே எழுவதில்லை. நேரே பாவமன்னிப்பு வழங்கப்பட்டு, தேநீரும் வழங்கப்பட்டுவிடுகிறது. இது இரக்கமாகாது, அருளடையாளத்தின் கேலிச்சித்திரம் இது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதோடு மீட்பு அவர் வீட்டுக்கு வந்துவிடவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். அதன் பின்னரே ஆண்டவர் மீட்பை அறிவித்தார்.

மன்னிப்பு என்பது அடிபட்டவன் தானே மனமுவந்து அளிக்கும் கொடை. மருத்துவமனைக் கட்டிலருகே அவனுடைய தந்தையிடம், "பையனின் எதிர்காலத்தை நினையுங்கள், புகாரைத் திரும்பப் பெறுங்கள்" என்று சொல்லி வாங்கும் கையொப்பத்தை மன்னிப்பு என்பது அந்தத் தந்தைக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை.

நம் வீட்டுக் கணக்கு

சட்டக் கல்லூரியில் வன்முறை நடந்த அதே 2008ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், எறையூரில், ஒரே திருமுழுக்குப் பெற்ற நம் மக்களுக்கிடையே என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோமா? தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி எழுந்த வன்முறையில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பழகிய சமூகத்துப் பிள்ளைகள் கல்லூரி விடுதியில் சுவரின்றி வாழ்வார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?

போதனையில் நமக்குக் குறைவில்லை. இனம், நிறம், சமூக நிலை ஆகியவற்றின் பெயரால் மனிதரை வேறுபடுத்துவது கடவுளின் திட்டத்துக்கு முரணானது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்தது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதி எண்ணத்தின் சாயல்கூட உண்மையான மனித ஒன்றிப்புக்கு எதிரான அடையாளம் என்று எடுத்துரைத்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களின் ஆற்றல்படுத்துதலுக்கெனக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஆவணங்கள் நூலகத்தில் உள்ளன. நமக்குத் தேவை அவை விடுதிக் காப்பாளரின் மேசைக்கு வந்து சேர்வது.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறேன். கட்டணச் சலுகை கேட்பார்கள், விடுதியில் இடம் கேட்பார்கள், அவை நியாயமானவை. எழுந்து செல்லும் வேளையில் சிலர் குரலைத் தாழ்த்தி, "நம்ம பிள்ளைங்க இருக்கிற அறையாப் பார்த்துப் போடச் சொல்லுங்க, சாமி" என்பார்கள். அந்த 'நம்ம' என்னும் சொல்லுக்குள் கிறிஸ்து இல்லை, சாதி இருக்கிறது. கல்லூரியில் பின்னர் எழும் வன்முறைக்கு முதற்கல் அங்கேதான் எடுத்து வைக்கப்படுகிறது.

நம் கல்லூரிகளுக்குக் கூடுதல் கடமை ஒன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தலித் கிறிஸ்தவ மாணவரைச் சென்றடைவதில்லை. அவரை இழிவுபடுத்துபவன் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு இழிவுபடுத்துவதில்லை. சட்டம் மட்டுமே அதைப் பார்க்கிறது. அந்த ஆணை நீதியற்றது என்று பல ஆண்டுகளாக ஊர்வலம் செல்கிறோம், செல்ல வேண்டும். ஆயினும் அரசின் சட்டம் எட்டாத அம்மாணவரைக் காக்க நம் கல்லூரியின் விதியாவது எட்டியதா என்று நம்மை எவரேனும் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

செய்ய வேண்டியவை

குறை கூறுவதோடு நிற்பது எளிது. ஆகவே ஒரு கல்லூரி செய்யக்கூடியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் அதிகம் தேவைப்படாத செயல்கள் இவை, துணிவு தேவைப்படும்.

முதலாவது, முன்னரே செய்ய வேண்டியவை. விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். எவருடைய பரிந்துரைக்கும், பங்குத்தந்தையின் பரிந்துரைக்கும்கூட, அதில் இடமளிக்காதீர்கள். உதவித்தொகை பெறுவோரின் பெயர்களை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். சாதித் தலைவர்களின் படம் தாங்கிய பதாகையையும் பனியனையும் வண்ணக் கயிற்றையும் எல்லாச் சாதியினருக்கும் ஒன்றுபோல் வளாகத்துக்கு வெளியே நிறுத்துங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகள், ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்றன. அவை நடைமுறைக்கு வரவில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள் இரண்டு தாய்மார்கள். 2016இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோகித் வெமுலாவின் தாயும், 2019இல் மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட மருத்துவர் பாயல் தட்வியின் தாயும் அவர்கள். பிள்ளையை இழந்த தாய் நீதிமன்றம் சென்றுதான் ஒரு விதியை உயிர்ப்பிக்க வேண்டுமா? அந்த அலுவலர் யார், அவரை எங்கே காணலாம் என்பதை முதலாண்டு மாணவர் முதல் நாளிலேயே அறியட்டும்.

இரண்டாவது, அந்த நாளில் செய்ய வேண்டியவை. அடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காவல்துறையை அழைக்கும் பொறுப்பு யாருக்கு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். கூட்டம் போட்டு முடிவெடுக்கும் நேரம் அதுவன்று. கண்காணிப்புக் கேமராவின் பதிவையும் சாட்சிகளின் வாக்குமூலத்தையும் அன்றே பாதுகாத்து வையுங்கள். புகார் அளித்தவர் விடுதிக்கும் வீட்டுக்கும் செல்லும் வழியில் தனித்து விடப்படலாகாது. நாங்குநேரி கற்பித்த பாடம் இது. எல்லா மாணவரையும் ஊருக்கு அனுப்பி வாயிலைப் பூட்டுவதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய நாள்களில் வதந்தி ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டுகிறது.

மூன்றாவது, பின்னர் செய்ய வேண்டியவை. விசாரணைக் குழுவில் கல்லூரிக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவரும் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெறட்டும். கால வரையறை இருக்கட்டும். நடந்தது இன்னது, காரணம் இன்னது என்னும் முடிவைக் கல்லூரி முழுவதும் அறியச் செய்யுங்கள். அடிபட்டவரின் படிப்பும் தேர்வும் தடைப்படாமல் ஈடு செய்யுங்கள்; படிப்பை விட்டு அவர் விலகுவாரானால் குற்றவாளி வென்றுவிட்டான் என்பதே பொருள்.

குற்றம் புரிந்த மாணவருக்குத் தண்டனை உண்டு. அவர் திரும்பி வருவதற்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். தான் செய்ததைத் தன் வாயால் சொல்லி, அதற்குப் பரிகாரம் செய்து, அதன் பிறகு வகுப்புக்கு வரும் வழி அது. பதினேழு, பதினெட்டு வயதுக் கையில் அரிவாளைக் கொடுத்தவர்கள் பின்னால் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தொடாமல் இளைஞனை மட்டும் சிறைக்கு அனுப்பி முடிக்கும் நீதி அரைகுறை நீதியே.

பொதுநிலையினரே

இவற்றை ஆயரும் குருக்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். நம் கல்லூரிகளில் பேராசிரியர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினராகிய நீங்களே. முன்னாள் மாணவர் சங்கங்களில் இருப்பவர்கள் நீங்கள். காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் பணிபுரிகிறவர்கள் நீங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் நீங்கள். மகனின் கைப்பேசியில் எந்தத் தலைவரின் படம் ஒளிர்கிறது, அவன் எந்தக் குழுவில் எதைப் பகிர்கிறான் என்பதைக் காணும் கண் உங்களுடையது. வீட்டு உணவு மேசையில் பிற சாதியைச் சுட்டும் அந்த இழிசொல் முதலில் யாருடைய வாயிலிருந்து பிறந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வருகின்ற கல்வியாண்டில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் கல்லூரியில், தேர்ச்சி விகிதத்தையும் வேலைவாய்ப்பையும் கேட்பதோடு இன்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். சாதியின் பெயரால் ஒரு மாணவர் இழிவுபடுத்தப்பட்டால் யாரிடம் புகார் அளிப்பது? புகார் அளித்தவரை எப்படிக் காப்பீர்கள்? கடந்த ஆண்டுகளில் வந்த புகார்களுக்கு என்ன செய்தீர்கள்? "எங்கள் கல்லூரியில் அப்படி எதுவும் நடப்பதில்லை" என்று முதல்வர் புன்னகையோடு விடையளித்தால் ஏமாந்துவிடாதீர்கள். புகாரே வராத கல்லூரி, புகார் அளிக்க மாணவர் அஞ்சும் கல்லூரியாகவும் இருக்கலாம்.

ஆபேல் எங்கே என்று கடவுள் கேட்டபோது, தம்பிக்கு நான் காவலாளியோ என்று காயின் எதிர்க்கேள்வி கேட்டான். மண்ணிலிருந்து எழுந்த இரத்தத்தின் குரலை அந்தக் கேள்வியால் அடக்க முடியவில்லை. நம் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் அதே வினா இன்றும் கேட்கப்படுகிறது. விடுமுறை அறிவிப்பு அதற்கு விடையாகாது.